முகம் காட்டாத டீச்சர்

கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, அவர் மனைவி, மகன், மருமகள்.

"கதவைச் சாத்திக்கிட்டு தினமும் யாரோ பொம்பளை குரலைக் கேக்கறீங்க. தெருவே சிரிக்குதுப்பா!" என்றான் மகன்.

"சிரிக்கட்டும். பென்ஷன் பணத்தை எப்படி முதலீடு பண்றதுன்னு ஆன்லைன்ல படிக்கறேன். மூஞ்சி காட்டாட்டியும் அந்த டீச்சர் தங்கம்டா!"

"அந்தத் தங்கத்துக்கு இப்பவே போன் போடுங்க. வகுப்பை நிறுத்தச் சொல்றேன்."

போட்டார். மருமகளின் கையிலிருந்த போன் ஒலித்தது.

தன் முன்னால் மருமகள் வாய் திறக்கக் கூடாதென்று சட்டம் போட்டவர் அவர். இன்று அவள் திறந்தாள்.

"நான்தான், மாமா. நிறுத்த மாட்டேன்."

அதே குரல்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்தச் சொல்ல இவன் யாரும்மா? நாளைக்குப் பாடம் உண்டுல்ல?"

மருமகளிடம் அவர் ஓசியில் படித்ததாக உறவினர்கள் சொல்வது பொய். மாதாமாதம் முழுக் கட்டணமும் கட்டித்தான் படித்தார்.