தையில வாறார்

என் மனுசன் விக்னராஜா, கிரவீனில் இருக்கிற எங்கள் வீட்டு ஹோலில் கதிரைகளைச் சுற்றிவரப் போட்டுவிட்டு அமெரிக்காவைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்.

பக்கத்து ஊரான பிளாக்டவுனுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வாய் அது.

நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் அங்கே வரைக்கும் கேட்டது.

அமெரிக்க மத்திய வங்கிக்குத் தலைவர் மாறப்போகிறாராம். புதிதாக வருகிறவரும் காசை அடித்து அடித்துத் தள்ளுவாராம். டொலர் விழுமாம், பிட்கொயின் ஏறுமாம். அது கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற காசாம். இவரிடம் தந்தால் இவரே வாங்கி வைப்பாராம். தன் கொமிஷனைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

வந்திருந்த நாலைந்து பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்கள். எல்லாரும் இந்த நாட்டுக்குப் படகில் வந்து, தற்காலிக விசாவில் முறிந்து முறிந்து உழைக்கிறவர்கள்.

பாலேஸ்வரி அன்ரி மட்டும் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கதிரை நுனியில் இருந்தார். செவன் ஹில்ஸ் கோழித் தொழிற்சாலையில் நின்று நின்று வீங்கின கால். பைக்குள் இருந்தது மகள் கஜந்தியின் படிப்புக் காசு. அவர்களுடைய விசாவுக்கு யூனிவர்சிட்டியில் வெளிநாட்டுக்காரரின் கட்டணம்தான். மாசியில் கட்டாவிட்டால் பிள்ளை வீட்டில் குந்த வேண்டியதுதான்.

காசை மட்டும் குடுத்துவிடாதேங்கோ என்று காலையிலேயே போனில் சொல்லியிருந்தேன். ஓம் ஓம் என்றார்.

நான் வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, தலைவர் வந்தவுடன் எல்லாம் ஏறும் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்ரி நிமிர்ந்தார்.

"தம்பி, தலைவர் எப்ப வாறாராம்?"

எங்கள் சனத்திடம் பெயர் சொல்லாமல் தலைவர் என்றால் ஒருவர்தான். முள்ளிவாய்க்காலோடு அவர் முடிந்தார் என்று உலகம் சொல்லி நாலரை வருடமாகிறது. நம்பாமல் காத்திருக்கிற சனம் இன்னும் இருக்கிறது.

அன்ரி யாரைக் கேட்கிறார் என்பது இவருக்கு விளங்கிவிட்டது. அன்ரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"தையில வாறார், அன்ரி."

சீ, இதுவும் ஒரு பிறவியா! வங்கித் தலைவரைப் பொறுத்தவரை அது உண்மை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. இந்த மனுசனுடன் எப்படி ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தேன் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் வடையை எடுத்துக் கடித்தார்.

அன்ரி பையைத் திறந்து காசு வைத்திருந்த உறையை மேசையில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போட்டு உடைத்துவிட்டேன். அது நீங்கள் நினைக்கிற தலைவர் இல்லை அன்ரி, அமெரிக்க வங்கிக்கு வரப்போகிற ஒரு பொம்பிளை, இந்த மனுசன் தெரிந்துகொண்டே உங்களைப் பேய்க்காட்டுகிறார் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

அன்ரி கோபப்படவில்லை. உறையின் மேல் கையை வைத்தபடி என்னையே பார்த்தார்.

"அப்ப கடைசி மட்டும் அவரோட நிண்ட என்ர மகன்?"

நான் வடைத் தட்டை எடுத்து மறுபடி வைத்தேன்.

இவரிடம் பதில் இருந்தது. அவனும் தையில் வருவான் என்றார்.

அன்ரி உறையை இவர் பக்கம் தள்ளினார்.