எவரெட்டின் கையில் பொற்காசு

ஒஹாயோவில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், காசு சேர்ப்பவர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை மதியம். டோனட் பெட்டியை இன்னும் யாரும் திறக்கவில்லை, எல்லோர் கண்ணும் எவரெட் மேல்தான். மேசைவிளக்கின் வெளிச்சத்தில், பச்சைத் துணியின்மேல் அவருடைய பொற்காசு கிடக்கிறது. 1796ஆம் வருஷத்து இரண்டரை டாலர், கோட்டுப் பித்தான் அளவுதான். அதற்காக முப்பது வருஷம் அலைந்தவருக்கு இப்போது மறதி நோயில் மனைவி லோர்னாவையே அடையாளம் தெரியவில்லை. காசைக் கண்டாலாவது ஏதோ திரும்பி வராதா என்று அவள்தான் அதை உறையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். "எடுத்துப் பாரு எவரெட், உன்னோடதுதான்." அவர் எடுக்கிறார். எடுத்து, காசிலிருக்கும் பெண்ணின் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்க்கிறார், கண்ணுகளா. தேய்ந்தால் காசின் மதிப்பே போய்விடும் என்று, ஓரத்தைத் தவிர வேறெங்கே நாங்கள் விரல் வைத்தாலும் புறங்கையில் அடித்த மனிதர். "டேய், தேய்க்காதடா! எங்களை என்ன பாடு படுத்தின!" என்று எங்கள் கூட்டத்து டெல்பர்ட் சிரிக்க முயன்றபடி காசை வாங்கக் கையை நீட்டுகிறார். "விடு டெல்பர்ட்," என்கிறாள் லோர்னா, "தேய்க்கட்டும்." எவரெட் மெல்ல எழுந்து, தொப்பியைக் கழற்றி, காசை அவள் உள்ளங்கையில் வைக்கிறார். "இது உங்களுதுதானேம்மா? விலை ஒசந்த பொருளாட்டம் இருக்கு. பத்திரமா வச்சுக்கங்க, உங்க வீட்டுக்காரர் தேடுவார்." லோர்னா விரல்களை மூடிக்கொள்கிறாள். "சரிங்க," என்கிறாள், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல. "அவர்கிட்ட சொல்றேன்."