தேவராவா, ஆலுவாவா?

“எந்தா குட்டி, கண்ணு காணில்லே?”

ஆய்வகமே அதிரும்படி கத்தினாள் அந்த டீச்சர். தரையில் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று சில்லுசில்லாகக் கிடந்தது. பக்கத்தில் திருதிருவென்று விழித்தபடி ஸாதனா.

டீச்சர் மலையாளத்தில் பொரிந்து தள்ளினாள். “தொடக் கூடாதுன்னு இவ்வளவு பெரிசா எழுதி வெச்சிருக்கே, படிக்கத் தெரியாதா? துடைப்பம் அந்த மூலையில இருக்கு. எடுத்துப் பெருக்கு!”

ஸாதனாவின் அம்மா காமாக்ஷிக்கு ரத்தம் கொதித்தது. பிறந்ததிலிருந்தே வலது கால் சூம்பிய பெண். விந்தி விந்தித்தான் நடப்பாள். பிளஸ் டூ முடித்து, கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று, மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவா வரைக்கும் காலேஜ் பார்க்க வந்திருக்கிறாள். அவளைப் போய்...

“டீச்சர், அவளுக்குக் கால் சரியில்லே. குனிஞ்சு பெருக்கச் சொல்றேளே?”

“கால் சரியில்லாதது எனக்கும் தெரியறது. ஒடைச்சது கைதானே?”

காமாக்ஷி துடைப்பத்தை எடுக்கப் போனாள்.

“நீங்க விடுங்க. ஒடைச்சவ பெருக்கட்டும்.”

ஸாதனா பெருக்கினாள். ஜல் ஜல்லென்று சத்தம். விந்துகிற காலில் மட்டும் சலங்கை வைத்த கொலுசு போட்டுக்கொள்கிற பெண் அவள். ‘எல்லாரும் எப்படியும் திரும்பிப் பார்க்கத்தான் போறா. சத்தமாவது நன்னா இருக்கட்டுமே’ என்பாள்.

“மேசைக்கு அடியில?” என்றாள் டீச்சர்.

அங்கேயும் பெருக்கினாள்.

“ஒடைச்சியே, அது பேராவது தெரியுமா?”

“பிப்பெட்.”

“பிப்பெட் இல்லே, ப்யூரெட்! பேர் தெரியாத சாமானைத் தொடாதே. போ!”

மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் காமாக்ஷிக்குப் படபடப்பு அடங்கவில்லை.

“ராக்ஷசி! இவளெல்லாம் ஒரு டீச்சர்! நேத்திக்கு தேவரால எப்படிக் கவனிச்சா நம்மளை!”

வாஸ்தவம்தான். தேவரா காலேஜில் பிரின்சிபலே கேட் வரைக்கும் வந்து வரவேற்றார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஸாதனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ‘மோள் லேப்ல நிக்கவே வேண்டாம். உக்காந்து பார்த்தாப் போறும். மத்த குட்டிகள் செஞ்சு தருவா’ என்றார் பிரின்சிபல். காமாக்ஷி அங்கேயே அழுதுவிட்டாள்.

ஸாதனா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

‘பாவம், குழந்தை மனசு ஒடைஞ்சு போச்சு’ என்று காமாக்ஷி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

சாயங்காலம் மிளகுக் கிடங்கிலிருந்து வந்த வெங்கிடாசலம், செருப்பைக் கழற்றும்போதே பெண்ணிடம் கேட்டார்.

“என்ன முடிவு? தேவராவா, ஆலுவாவா?”

“ஆலுவா.”

காமாக்ஷி அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தாள். “பைத்தியமாடீ உனக்கு? அந்த ராக்ஷசி கிட்டயா படிக்கப் போறே?”

“அம்மா, நேத்திக்கு அந்த பிரின்சிபல் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரே, ஓர்மையிருக்கா? சோடியத்துக்கு என்ன குறியீடுன்னு?”

“ஆமா. நீ டக்குனு பதில் சொன்னே. எல்லாரும் கை தட்டினா. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா?”

“நான் ‘எஸ்’னு சொன்னேம்மா. அது கந்தகம். வேணும்னேதான் தப்பாச் சொன்னேன்.”

வெங்கிடாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

“அங்கே இருந்தவா எல்லாருக்கும் அது தப்புன்னு தெரியும்பா. ஒருத்தர்கூடத் திருத்தலை. சிரிச்சுண்டே கை தட்டினா. ஸ்கூல் லேப்லயும் என்னை உக்காத்தித்தான் வெச்சிருந்தா. இன்னிக்கு நிஜமாவே தெரியாமத்தான் பிப்பெட்னு சொன்னேன். அந்த டீச்சர் அடுத்த நிமிஷமே திருத்திட்டா. தேவரால என் காலைச் சேர்த்துப்பா. ஆலுவாலதான் என்னைச் சேர்த்துப்பா.”

காமாக்ஷி மெல்லக் கேட்டாள். “அப்படிக் கத்தி வஞ்சாளே, வலிக்கலையாடீ?”

“வலிச்சுது. அழுகைகூட வந்தது. ஆனா...” ஸாதனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “அண்ணா ஏலூர்ல வேலைக்கே போயாச்சு. இன்னமும் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா அவனை வையறே. என்னை ஒரு தடவையாவது வஞ்சிருக்கியாம்மா?”

காமாக்ஷி அடுக்களைக்குத் திரும்பினாள்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து ஸாதனா எழுந்து போனாள். அவள் தட்டை எடுக்க, வழக்கம்போல, காமாக்ஷியின் கை நீண்டது.

பாதியில் நின்றது.

“ஏய் ஸாதனா! தட்டை அப்படியே போட்டுட்டுப் போறயே, யாரடீ அலம்புவா? கழுதை வயசாச்சு, வெக்கமா இல்லே?”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. வெங்கிடாசலம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

வாசற்படியில் நின்ற ஸாதனா திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா, கேட்டேளா? அம்மா என்னை வஞ்சுட்டா!”