திருப்பிப் போட்ட கிளிப்

"இது வீடா, பழைய இரும்புக் கடையா?"

ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்த அக்கா, பையை வைக்க இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

முன்னறை முழுக்க மோட்டார் சைக்கிள். முழுசாக இல்லை, துண்டு துண்டாக. ஜன்னலோரம் சக்கரங்கள். நாற்காலியில் பெட்ரோல் டேங்க். தரையில் விரித்த செய்தித்தாளில் நட்டும் போல்ட்டும். நடுவே மரக்கட்டைகள் மேல் வண்டியின் வெறும் சட்டம். அதற்கு நேர் எதிரே கட்டில். கட்டிலில் தம்பி.

ஐம்பது வருஷத்து வண்டி அது. தம்பி ஆசைப்பட்டு வாங்கி, தானே புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, ஒரு திருகு பாக்கியில்லாமல் கழற்றிப் போட்டிருந்தான். மறுபடி பூட்டுவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை விழுந்தது. பேச்சும் போனது.

"நாம பேசறது எல்லாம் அவருக்குப் புரியும். வார்த்தைதான் வரலை. அவரா முயற்சி பண்ணணும்" என்றார் டாக்டர்.

தம்பி முயற்சி பண்ணவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படங்களைக் காட்டினால், இடது கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். மூன்று மாசமாக வீட்டில் அவன் குரலே இல்லை.

அந்த வண்டியைத்தான் இப்போது அவன் மனைவி பூட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"சும்மாதானே கிடக்குது அண்ணி. பூட்டிப் பார்க்கலாமேன்னு..."

பூட்டினாள். எல்லாம் கோணல். பின்பக்க மட்கார்டை முன்னால் வைத்தாள். ஸ்பானர் பக்கத்திலேயே இருக்க, நட்டைப் பிளையரால் பிடித்து நெரித்தாள். வாஷர் போட மறந்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாள்.

ஒவ்வொரு தடவையும் தம்பியின் நெற்றி சுருங்கியது. இடது கை கட்டிலைத் தட்டியது. ஒருநாள் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அக்காவால் பார்க்க முடியவில்லை.

"வேலை தெரிஞ்சவன் கண்ணு முன்னாடி வேலை தெரியாதவ உட்கார்ந்து இப்படிப் பண்ணினா, அது வெந்த புண்ணுல வேல் பாய்ச்சற மாதிரி. தெரியலையா உனக்கு?"

"கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும் அண்ணி."

"அவனோட மெக்கானிக் சிநேகிதன் இருக்கானே. அவன்கிட்ட கொடுத்தா ரெண்டு நாள்ல முடிச்சுடுவான்."

"வேண்டாம் அண்ணி. நானே பண்றேன்."

பிடிவாதத்தைப் பார், என்று அக்கா மனசுக்குள் பொரிந்தாள்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். எட்டாம் நாள் மத்தியானம் தம்பி கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

"பழைய இரும்புக்காரனை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகட்டும். என் தம்பி நிம்மதியாப் படுத்திருக்கட்டும்."

தம்பி மனைவி கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி அண்ணி. காலைல எனக்கு ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்க."

மறுநாள் காலை அவள் பின்சக்கரத்தில் செயினை மாட்டினாள். செயினின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு கிளிப் வரும். அதற்கு முன் பின் உண்டு. மாற்றிப் போட்டால், வண்டி வேகமாக ஓடும்போது தெறித்து, செயின் கழன்று, ஆளையே கவிழ்த்துவிடும்.

அவள் மாற்றித்தான் போட்டாள்.

கட்டிலில் தம்பி முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"தி..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிளையரை எடுத்துக் கிளிப்பை அழுத்தப் போனாள்.

"தி... திருப்பு."

பிளையர் கையிலிருந்து நழுவி விழுந்தது. சமையலறையிலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"திருப்பிப்... போடு. கழ... கழண்டுக்கும்." மூச்சு வாங்கினான். பிறகு, மூன்று மாசத்து ஆத்திரத்தையும் சேர்த்து, "மக்கு" என்றான்.

அந்தத் திட்டைக் கேட்டு இரண்டு பெண்களும் அழுதார்கள்.

"எப்படித் திருப்பணும்? நீங்களே சொல்லுங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவன் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து, தடுமாறி, கோபப்பட்டு, அன்று காலை முழுக்கச் சொன்னான். வாசலில் தள்ளுவண்டியோடு வந்து நின்ற பழைய இரும்புக்காரனை அக்கா வந்த வழியே அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு மெக்கானிக் ஓடி வந்தான். தம்பி தன் மனைவியைக் காட்டி, "இவளுக்கு... ஒண்ணும்... தெரியலை" என்று அவனிடம் புகார் சொன்னான். மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டான்.

அவனை வழியனுப்ப வாசல்வரை வந்த அக்காவுக்கு மனசு லேசாகியிருந்தது.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்ப்பா. அவ தெரியாத்தனமா என்னமோ பண்ணப்போய், என் தம்பிக்கு வாய் திறந்துச்சு. இனிமேலாவது அவளுக்குக் கொஞ்சம் வேலை கத்துக்கொடு."

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவங்களுக்கு நான் என்னத்தைம்மா கத்துக்கொடுக்கறது? அண்ணன் தூங்கற நேரமாப் பார்த்து ரெண்டு மாசமா என் ஷெட்டுக்கு வந்து கத்துக்கிட்டாங்க. இப்ப கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வண்டியைப் பூட்டிடுவாங்க. நேத்து சாயங்காலம் வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: 'எதைத் தப்பாப் பூட்டினா அவரால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது?'"