ஸ்டென்ட் கிளம்பிய விதம்

கணையத்தை ஒட்டிச் சீழ் கட்டியிருந்தது. அதை வடிக்க, இரைப்பைச் சுவரில் ஓட்டை போட்டு ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை வைத்தார் டாக்டர். சீழெல்லாம் வடிந்து, கட்டியும் சுருங்கிவிட்டது.

"வந்த வேலை முடிஞ்சுதே, கிளம்பலையா?" என்றது இரைப்பை.

"நான் இல்லாட்டி இந்த வீடு தாங்குமா?" என்று சட்டமாக உட்கார்ந்துகொண்டது ஸ்டென்ட்.

கட்டி சுருங்கியதில் பின்னாலிருந்த ரத்தக்குழாய் நெருங்கி வந்திருந்தது. "அண்ணே, உங்க கம்பி உரசுது. கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றது அது.

ஸ்டென்ட்டுக்குச் சுருக்கென்றது. "காப்பாத்தின என்னையே தள்ளிக்கச் சொல்றியா?"

மறுநாள் ரத்தம் பீறிட்டது. டாக்டர் பதறிப்போய் ரத்தத்தை நிறுத்தி, ஸ்டென்ட்டை உருவினார். மனசே இல்லாமல் கிளம்பிய ஸ்டென்ட், மரியாதைக்கு, "போயிட்டு வர்றேன்" என்றது.

இரைப்பை வெலவெலத்துப்போனது. "ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புறப்போ யாராவது அப்படிச் சொல்வாங்களா? போறேன்னு சொல்லுங்க, போதும்."