குடுவையின் சூடு

எலும்புப் புற்றுநோயில் ஒன்பது வயதில் இறந்துபோன இளவழகனின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் டாக்டர் வேதவல்லியின் ஆய்வகத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. அவர் கண்டுபிடித்த மருந்துகளெல்லாம் குடுவைக்குள் அவற்றைக் கொன்றன. குழந்தைகளின் உடம்பில் தோற்றன. அவர் ஓய்வுபெறும் நாளில், அந்தச் செல்களைப் பார்க்க வேண்டுமென்று பையனின் தாய் செங்கமலம் வந்திருந்தாள். வேதவல்லி இன்குபேட்டரைத் திறந்து, அந்தச் செல்கள் வளரும் ஒரு குடுவையை அவள் கையில் கொடுத்தார்.

"சூடா இருக்கே."

"உடம்புச் சூட்டுலதான் வச்சிருக்கோம்மா."

"சாப்பிட என்ன குடுப்பீங்க?"

"சத்துத் தண்ணி." டாக்டர் தயங்கினார். "இது அவன் இல்லம்மா. அவனைக் கொண்டுபோன கட்டி."

"இருக்கட்டும். அவன் உடம்புல வளந்ததுதான."

செங்கமலம் குடுவையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தாள்.

வெளியே எடுத்த எதையும் ஸ்பிரிட்டால் துடைக்காமல் உள்ளே வைக்கக் கூடாது. பழகிப்போன கை தானாகத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தது. உதட்டின் ஈரத்தடம் மறைந்த பிறகுதான் வேதவல்லி நிமிர்ந்தார். செங்கமலம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி கழுவிட்டுத்தான் வந்தேன் டாக்டரம்மா," என்றாள்.