பத்தொன்பதாவது எழுத்துக்குப் பிறகு

"வாலை வெட்டி எறிஞ்சுட்டு மணி சொல்றீங்களே, உங்களுக்கே வெக்கமா இல்ல?"

சுகைனா மேசையில் அடித்த அடியில் தாஹிரியின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் பேருந்து நிறுவனத்தின் விசாரணை அதிகாரி. அவள் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவள்.

குற்றச்சாட்டு இதுதான்: அவள் வாப்பா ஹம்மாதி காலை 06:42க்குப் பேருந்தைச் சுவரில் மோதினார். கை ஒடிந்த பயணி தரையில் கிடக்க, 07:45க்குத்தான் டிப்போவுக்குப் போன் செய்தார்.

ஒரு மணி நேரம்! முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டிய மனுஷருக்கு மெக்னெஸ் ஊர் முழுக்க ஈரமில்லாதவன் என்று பெயர். வேலையும் போகப்போகிறது.

"விட்டுடும்மா" என்று வாப்பா அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். காலையிலிருந்து நாலாவது தடவை. இவருக்கு ரோஷம் என்பதே கிடையாதா?

அவள் திரையைக் காட்டினாள். பேருந்தில் நேரம் பதியும் பெட்டி எழுதியது 06:42:00+00:00. வாப்பாவின் போன் பட்டியலில் இருந்தது 07:45:10+01:00. நோன்பு மாதம் வந்தால் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும். போன்காரர்களின் கணினி தள்ளாது. ஆனால் இது பழைய மணிதான் என்று +01:00 என்கிற வாலில் எழுதிவிடும். இந்த நிறுவனத்தின் நிரலோ தேதியும் மணியும் சேர்ந்த முதல் பத்தொன்பது எழுத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டது.

"தேதி இருக்கு, மணி இருக்கு. வேற என்னம்மா வேணும்?" என்றார் தாஹிரி.

"எந்தக் கடிகாரத்து மணின்னு வேணும் சார். நோன்பு திறக்கறதுக்கு மட்டும் நிமிஷம் பிசகாம பார்க்கறீங்கல்ல?"

வாப்பாவுக்குத் துணையாக வந்திருந்த தொழிற்சங்கத்துக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் அந்த ஒரு வரியைத் திருத்தி ஓடவிட்டாள். 07:45, 06:45 ஆனது. மூன்றே நிமிஷம்! சங்கத்துக்காரர் தொடையைத் தட்டினார்.

"இப்ப சொல்லுங்க சார், யாருக்கு ஈரமில்ல?"

வாப்பா திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஹிரி குனிந்து பேனாவை எடுத்தார். பட்டியல் முழுவதும் ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தது. 07:41 என்று மோதலுக்குப் பிந்தியதாகத் தெரிந்தவரை யாரும் கண்டுகொள்ளாத மேல் வரி ஒன்றில் அவர் பேனா நின்றது.

"06:41:20க்கு ஒரு போன் வந்திருக்கே. நாற்பது செகண்ட் ஓடி, சரியா 06:42க்கு முடிஞ்சிருக்கு. இது யாரோட நம்பர்?"

அவளுடைய நம்பர். சூப்புக்குக் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லப் போட்ட போன். பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோனது.

"சிக்னல் போயிடுச்சும்மா. மோதினது அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு" என்று இரண்டு வாரமாக வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.